ஸ்கேனர் வானொலிக்கு அலைவரிசை ஏற்றுதல்: படிகம் முதல் உலாவி வரை

ஸ்கேனர் வானொலி என்பது பல அதிர்வெண்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே தட்டிப் பார்த்து, பேச்சு கேட்கும் இடத்தில் நின்றுவிடும் வானொலி ஏற்பி ஆகும். காவல்துறை, தீயணைப்புத் துறை, விமான நிலையம், தொடர்வண்டி, துறைமுகம் போன்றவற்றின் கம்பியில்லாப் பேச்சை இதனால் கேட்கலாம். பதில் பேச முடியாது. சாதாரண வானொலி நிலையம் நாள் முழுவதும் ஒலிபரப்புவதால் முள்ளைத் திருப்பி ஓரிடத்தில் வைத்தால் போதும். காவலர் பேச்சோ நான்கு விநாடி கேட்கும், பிறகு பத்து நிமிடம் மௌனம். அந்த நான்கு விநாடியைத் தவறவிடாமல் பிடிக்கவே இக்கருவி பிறந்தது.

எந்தெந்த அதிர்வெண்களைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதைக் கருவிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். புரோகிராமிங் எனப்படும் இந்த நிரலேற்ற வேலை, கடந்த அரை நூற்றாண்டில் உலோகச் சீப்பின் பல்லை உடைப்பதில் தொடங்கி, இணைய உலாவியின் ஒரு பக்கத்தில் பொத்தானை அழுத்துவது வரை வந்திருக்கிறது. இந்த வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தது. அங்கே பொதுப்பணித் துறைகளின் வானொலிப் பேச்சைக் குடிமக்கள் கேட்பது நெடுங்காலமாக இயல்பான பொழுதுபோக்காகவும் பொதுக் காரியமாகவும் இருந்துவந்துள்ளது.

காவல் வானொலியும் வீட்டு வானொலியும்

காவல் வாகனத்துக்கு வானொலியில் ஆணை அனுப்பும் முறை டெட்ராய்ட் நகரில் 1928 ஏப்ரல் 7 அன்று முறையாகத் தொடங்கியது. அதற்கு முந்தைய சோதனை ஆண்டுகளில் அந்நகரக் காவல்துறைக்குக் கிடைத்த உரிமம் பொழுதுபோக்கு ஒலிபரப்புக்கானது. எனவே திருட்டுப்போன காரின் எண்ணைச் சொல்லுவதற்கிடையே இசைத்தட்டும் போட வேண்டியிருந்தது. அக்காலத்து முறை ஒருவழிப் பாதை. வாகனத்தில் இருப்பவர் கேட்கலாம், பதில் சொல்ல வேண்டுமானால் தெருவோரத் தொலைபேசிப் பெட்டியைத் தேடிப் போக வேண்டும். இருவழிப் பேச்சு 1933இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேயோன் நகரில் வந்தது. 1940இல் கனெடிகட் மாநிலக் காவல்துறை பண்பலை முறையில் மாநிலம் முழுவதற்குமான இருவழி வலையமைப்பை நிறுவியது.

தொடக்கத்தில் காவல் நிலையங்களின் ஒலி சாதாரண ஒலிபரப்பு அலைகளை ஒட்டிய இடத்திலேயே இருந்தது. 1930களில் விற்ற பல வீட்டு வானொலிகளின் முகப்பில் ‘போலீஸ்’ என்றே ஒரு பகுதி அச்சிடப்பட்டிருந்தது. இரவு உணவுக்குப் பின் குடும்பமாக அமர்ந்து ஊர்ச் சங்கதி கேட்டார்கள். செய்தியாளர்களுக்கு இது தொழில். நியூயார்க்கின் புகழ்பெற்ற இரவுநேரப் புகைப்படக்காரர் வீஜி, 1938இல் தம் காரில் காவல் வானொலி வைத்துக்கொள்ள அனுமதி பெற்றார். சில இடங்களுக்குக் காவலர் வருமுன்பே அவர் போய்ச் சேர்ந்தார் என்பார்கள்.

காவல் பேச்சு உயர் அதிர்வெண்களுக்கும் பண்பலைக்கும் இடம் பெயர்ந்தபோது வீட்டு வானொலி அதைத் தொடர முடியவில்லை. தனிக் கருவி தேவைப்பட்டது. இண்டியானாபொலிஸ் நகரின் ரீஜென்சி நிறுவனம் அத்தகைய ஏற்பிகளைச் செய்து விற்றது. உலகின் முதல் வணிக டிரான்சிஸ்டர் வானொலியான டிஆர்-1ஐ 1954இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இதே நிறுவனம்தான்.

படிகம் வாங்கிப் பொருத்திய காலம்

1960களின் இறுதியிலும் 1970களின் முற்பகுதியிலும் வந்த ஸ்கேனர்களில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகம் வேண்டும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல ஓர் அதிர்வெண்ணுக்கு ஒரு படிகம். எட்டுச் சேனல் கருவிக்கு எட்டுப் படிகம்.

இது ஏன் என்பதை மாணவர்கள் எளிய கணக்கால் புரிந்துகொள்ளலாம். ஏற்பிக்குள் வரும் அலை, கருவி தானே உண்டாக்கும் மற்றோர் அலையுடன் கலக்கிறது. இரண்டின் வேறுபாடும் எப்போதும் ஒரே மதிப்பாக இருக்கும்படி அமைத்துவிட்டால், அதன்பின் உள்ள சுற்றுகள் அந்த ஒரே அதிர்வெண்ணுக்கு மட்டும் வடிவமைக்கப்பட்டால் போதும். இதனை இடைநிலை அதிர்வெண் என்பர். பண்பலை ஏற்பிகளில் 10.7 மெகாஹெர்ட்ஸ் இதற்கு வழக்கமான மதிப்பு. இப்போது 155.370 மெகாஹெர்ட்சைக் கேட்க வேண்டும் என்று கொள்வோம். கருவி உண்டாக்க வேண்டியது 155.370 − 10.7 = 144.670 மெகாஹெர்ட்ஸ். அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் நேரே அதிரும் படிகம் செய்வது கடினம் என்பதால், அதன் மூன்றில் ஒரு பங்கில், அதாவது 48.2233 மெகாஹெர்ட்சில் அதிரும் படிகத்தைச் செய்து, சுற்றில் மூன்று மடங்காக்கிக்கொள்வார்கள்.

ஊரில் தீயணைப்பு நிலையம் தன் அதிர்வெண்ணை மாற்றிவிட்டால் கேட்பவர் கடைக்குப் போய்ப் புதுப் படிகம் வாங்க வேண்டும். கடையில் இல்லையென்றால் தயாரிப்பாளருக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு நகரத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தவரின் ஸ்கேனர், புதுப் படிகங்கள் வரும்வரை ஊமைப் பெட்டிதான். இக்காலத்தில் நிரலேற்றம் என்ற சொல்லே தேவைப்படவில்லை. இருந்தது கொள்முதல் மட்டுமே.

சீப்பும் சுவிட்சும்

ஒரே படிகத்தை ஆதாரமாக வைத்து, எண்முறைச் சுற்றின் உதவியால் ஆயிரக்கணக்கான அதிர்வெண்களை உண்டாக்கும் நுட்பம் 1970களில் மலிவானது. ஒரு வகுக்கும் எண்ணை மாற்றினால் வெளிவரும் அதிர்வெண் மாறும். ஆகவே கருவிக்குக் கொடுக்க வேண்டியது இனிப் படிகம் இல்லை, ஓர் எண். அந்த எண்ணை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் அன்றைய பொறியாளர்களின் கற்பனை விதவிதமாக ஓடியது.

ரீஜென்சி நிறுவனம் ‘வாமோ 10’ என்ற செல்லப்பெயரில் விற்ற ஸ்கேனருடன் சிறு உலோகச் சீப்புகளைக் கொடுத்தது. வேண்டிய அதிர்வெண்ணுக்கு எந்தெந்தப் பற்களை உடைக்க வேண்டும் என்பதற்குப் பட்டியல் உண்டு. பல்லை உடைத்து, சீப்பைச் செருக வேண்டும். உடைந்த பல் 0, உடையாத பல் 1 என்ற வகையிலான இரும எண்தான் அது. தவறான பல்லை உடைத்துவிட்டால் வேறு சீப்புத்தான். பிழை திருத்த வழியில்லாத நினைவகம் என்று அதைச் சொல்லலாம்.

எலெக்ட்ரா நிறுவனம் 1970களின் நடுப்பகுதியில் வெளியிட்ட பேர்கேட் 101இல் 16 சேனல்கள் இருந்தன. அதன் முகப்பில் ஒரு வரிசை சுவிட்சுகள். கருவியுடன் வந்த குறியீட்டுப் புத்தகத்தைப் புரட்டி, 155.370க்கு நேரே எந்தச் சுவிட்சு மேலே, எது கீழே என்று பார்த்து அமைக்க வேண்டும். மடக்கை அட்டவணையைப் புரட்டிக் கணக்குப் போட்ட தலைமுறைக்கு இது சிரமமாகத் தோன்றியிருக்காது. புத்தகம் தொலைந்தால் மட்டும் கருவி பாதி செத்தது. பழைய கருவிகளைச் சேகரிப்போர் இன்றும் கருவியைவிடப் புத்தகத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். பயனர் நேரடியாக இரும எண்ணைக் கையாள வேண்டியிருந்த கருவிகளில் இது ஒன்று என்ற வகையில், கணினி வரலாறு படிக்கும் மாணவர்களும் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

அதற்குப் பின் சில ஆண்டுகளில் வந்த பேர்கேட் 210, கணிப்பான் போன்ற எண் விசைகளைக் கொண்டிருந்தது. 1, 5, 5, புள்ளி, 3, 7 என்று அழுத்தினால் முடிந்தது. சீப்பும் புத்தகமும் ஒரேயடியாகப் பழம்பொருளாயின.

சட்டம் குறுக்கிட்ட கதை

விசைப்பலகை வந்ததும் யாரும் எதையும் கேட்கலாம் என்றாயிற்று. அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டம், பிறருக்கான வானொலிச் செய்தியைக் கேட்டு வெளியே சொல்வதையும் அதனால் ஆதாயம் தேடுவதையும் கட்டுப்படுத்தியது. பொதுப்பணித் துறைகளின் பேச்சைக் காதால் கேட்பதைக் குற்றமாக்கவில்லை. 1980களில் செல்லிடப்பேசி வந்தபோது சிக்கல் முளைத்தது. அன்றைய செல்பேசிகள் சாதாரணப் பண்பலையில், எந்த மறைப்பும் இல்லாமல் 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பேசின. கடையில் வாங்கிய ஸ்கேனரில் பக்கத்துத் தெருக்காரரின் தொலைபேசி உரையாடல் தெளிவாகக் கேட்டது.

1986ஆம் ஆண்டு மின்னணுத் தகவல் தொடர்பு அந்தரங்கச் சட்டம் அதைக் கேட்பதைக் குற்றமாக்கியது. 1992இல் இயற்றிய சட்டத்தின்படி, 1994 ஏப்ரல் 26க்குப் பின் செல்பேசி அதிர்வெண்களைப் பெறக்கூடிய ஸ்கேனரைத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. அதற்கு முந்தைய சில மாதிரிகளில் தயாரிப்பாளர்கள் அந்தப் பகுதியை அடைத்திருந்த விதமோ ஒரேயொரு டையோடு. ஆர்வலர்கள் அதைத் துண்டித்தால் அடைப்பு திறந்துகொண்டது. கதவில் பூட்டுப் போட்டுவிட்டு நிலையிலேயே சாவியைத் தொங்கவிட்ட கதைதான்.

சட்டம் இருந்தும் விபரீதம் நடந்தது. 1996 டிசம்பர் 21 அன்று, அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் தலைவராக இருந்த நியூட் கிங்ரிச் தம் கட்சித் தலைவர்களுடன் நடத்திய தொலைபேசிக் கூட்டத்தை, புளோரிடாவில் ஒரு தம்பதியர் ஸ்கேனரில் கேட்டு ஒலிப்பதிவு செய்தனர். கூட்டத்தில் இருந்த ஒருவர் காரில் செல்பேசியில் பேசியதே காரணம். பதிவு செய்தித்தாளுக்குப் போயிற்று. தம்பதியருக்குத் தலா 500 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தப் பதிவு கைமாறியது தொடர்பான வழக்கு பல ஆண்டுகள் நீண்டது.

இந்தக் குழப்பத்துக்கு உண்மையான தீர்வு சட்டத்தால் வரவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். செல்பேசி நிறுவனங்கள் எண்முறைக்கும் குறியாக்கத்துக்கும் மாறியபோதுதான் ஒட்டுக்கேட்பு நின்றது. ஆனால் ஸ்கேனரில் அந்த இடைவெளியை விட்டுவைக்கும் விதி மட்டும் தொடர்ந்தது.

கணினிக் கம்பி வந்தது

விசைப்பலகை பத்து, இருபது சேனல்களுக்கு எளிது. 500 சேனல்களுக்கு அது தண்டனை. ஒவ்வொரு சேனலுக்கும் அதிர்வெண், பண்பேற்ற வகை, துணைத் தொனி, காத்திருப்பு நேரம், 16 எழுத்து வரை பெயர் என்று எல்லாவற்றையும் சிறு விசைகளில் அழுத்த வேண்டும். ஒரு சேனலுக்கு ஒன்றரை நிமிடம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் மொத்தம் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

1990களில் மேசைக் கருவிகளிலும், பின்னர் கையடக்கக் கருவிகளிலும் கணினியுடன் இணைக்கும் துளை வந்தது. பேர்கேட் பெயரை 1980களில் வாங்கிக்கொண்ட ஜப்பானின் யுனிடென் நிறுவனம் பேர்கேட் 895, 245 முதலிய மாதிரிகளில் தொடர்முறைக் கம்பி இணைப்பைத் தந்தது. தொடர்முறை என்பது பழமையான எளிய ஏற்பாடு. எழுத்துகள் ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் போவதுபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியில் போகும்.

அமெரிக்காவின் வானொலி முறைகளும் இதே காலத்தில் சிக்கலாயின. பல துறைகள் சில அதிர்வெண்களைப் பகிர்ந்துகொள்ளும் டிரங்கிங் முறை வந்தது. பொதுப் பாதுகாப்புத் துறைகளுக்கென ‘புராஜெக்ட் 25’ என்ற எண்முறைத் தரம் வந்தது. 150 முதல் 512 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பணித்துறை வானொலிகள் அனைத்தும் 2013 ஜனவரி 1க்குள் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குச் சுருங்க வேண்டும் என்ற ஆணை வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பட்டியலைத் திருத்த வேண்டும். எந்த ஊரில் எந்தத் துறை எங்கே பேசுகிறது என்ற விவரங்களை ஆர்வலர்கள் கூடி ‘ரேடியோரெஃபரன்ஸ்’ என்ற தரவுத்தளமாகத் தொகுத்தனர். பழைய குறியீட்டுப் புத்தகத்தின் இடத்தை அது பிடித்தது.

யுனிடென் 2010இல் கொண்டுவந்த ஹோம்பெட்ரோல்-1 இன்னும் ஒருபடி போனது. அஞ்சல் குறியீட்டு எண்ணை உள்ளிட்டால் அந்த வட்டாரத்துக்கான அதிர்வெண்களைத் தன் நினைவிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். வசதி மிகப் பெரிது. ஆனால் தான் எதைக் கேட்கிறோம், அது எந்த அதிர்வெண், ஏன் அங்கே இருக்கிறது என்பதைக் கேட்பவர் அறியத் தேவையில்லாமல் போயிற்று. அறிந்து கேட்க விரும்பியவர்கள் எளிய கருவிகளையே தொடர்ந்து வாங்கினர்.

அத்தகைய எளிய கருவிகளில் யுனிடெனின் பிசி125ஏடி பரவலாக அறியப்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் இது இரண்டு டபுள்-ஏ மின்கலங்களில் இயங்கும். 500 சேனல்கள், 50 வீதம் பத்து வங்கிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எண்முறைப் பேச்சும் டிரங்கிங்கும் இதற்குக் கேட்காது. விமானம், தொடர்வண்டி, கப்பல், வானிலை, கார்ப் பந்தயம், சிற்றூர்த் தீயணைப்பு நிலையம் என்று பழைய முறையில் பேசுவோர் எல்லாரும் கேட்பார்கள். யுஎஸ்பி கம்பியால் கணினியுடன் இணையும்.

இடைஞ்சல் ஒன்று இருந்தது. தயாரிப்பாளரின் நிரலேற்ற மென்பொருள் விண்டோஸ் கணினிகளுக்கு மட்டுமே. மேக், லினக்ஸ், குரோம்புக் வைத்திருப்போர் என்ன செய்வது? லினக்சில் வேறொரு தடையும் இருந்தது. இதன் ஐரோப்பிய மாதிரியான யுபிசி125எக்ஸ்எல்டி, யுஎஸ்பியில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் குறிப்பை விதிப்படி முழுமையாகத் தருவதில்லை. அதனால் லினக்ஸ் கருனியின் தொடர்முறை இயக்கியில் இந்தக் கருவிக்கென்றே பெயர் குறிப்பிட்டு ஒரு விதிவிலக்கைச் சேர்க்க வேண்டியதாயிற்று. கையில் அடங்கும் ஒரு ஸ்கேனருக்காக உலகெங்கும் ஓடும் இயங்குதளத்தில் ஒரு வரி.

வேறொரு கவலையும் உண்டு. ஸ்கேனர் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைக்கும். அதற்கான மென்பொருள் அவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ரேடியோஷேக் கடைகளுக்கு ஸ்கேனர் செய்து கொடுத்த ஜிஆர்இ நிறுவனம் 2012இல் உற்பத்தியை நிறுத்தியது. ரேடியோஷேக் 2015இல் திவாலானது. கருவி வீட்டில் நன்றாக இருக்கும்போது, அதனுடன் பேசும் வழி மட்டும் அறுந்துபோகும் நிலை பலருக்கு நேரக்கூடியதே.

உலாவி கம்பியைத் தொட்டபோது

இணைய உலாவி, தான் திறக்கும் பக்கங்களை அடைப்புக்குள் வைத்துத்தான் இயக்குகிறது. எங்கிருந்தோ வரும் ஒரு பக்கம் வீட்டுக் கணினியின் கோப்புகளையும் கருவிகளையும் தொடக்கூடாது என்பது அடிப்படை விதி. இந்த அடைப்பில் கூகுள் நிறுவனம் சில சன்னல்களைத் திறந்தது. யுஎஸ்பி கருவிகளுடன் பேச உதவும் ‘வெப் யுஎஸ்பி’ 2017இல் குரோம் 61ஆம் பதிப்பில் வந்தது. தொடர்முறைக் கருவிகளுக்கான ‘வெப் சீரியல்’ 2021 மார்ச்சில் குரோம் 89இல் வந்தது.

ஸ்கேனருக்கு இரண்டாவதுதான் பொருந்தியது. யுஎஸ்பி கம்பியில் இணைந்தாலும் பிசி125ஏடி தன்னைத் தொடர்முறைக் கருவியாகவே கணினியிடம் காட்டிக்கொள்கிறது. இயங்குதளத்தின் சொந்த இயக்கி அதை முதலிலேயே கைப்பற்றிக்கொள்வதால், வெப் யுஎஸ்பி வழியே உலாவி அதை எடுக்க முடியாது. வெப் சீரியல் அந்த இயக்கி வழியாகவே பேசுவதால் சிக்கல் இல்லை.

யுனிடென் தன் பல மாதிரிகளுக்கான கட்டளைப் பட்டியலை ஆவணமாகவே வெளியிட்டிருந்தது பெரிய உதவி. அந்தக் கட்டளைகள் மனிதர் படிக்கக்கூடிய எழுத்து வரிகள். ஒரு வரி கேள்வி, ஒரு வரி பதில். உலாவியில் நடப்பது சுருக்கமாக இதுதான்:

பயனர் பக்கத்தைத் திறந்து இணைப்புப் பொத்தானை அழுத்துகிறார். பொத்தானை அவரே அழுத்தாமல் பக்கம் தானாக எதையும் தொட முடியாது. உலாவி, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைக் காட்டுகிறது. அவர் ஸ்கேனரைத் தேர்ந்தெடுத்தபின் பக்கம் ‘எம்டிஎல்’ என்று மூன்றெழுத்தை அனுப்பி, நீ எந்த மாதிரி என்று கேட்கிறது. கருவி தன் மாதிரிப் பெயரைச் சொல்கிறது. அடுத்து ‘பிஆர்ஜி’ என்ற கட்டளை. கருவி வானொலி கேட்பதை நிறுத்திவிட்டு நிரலேற்ற நிலைக்குப் போகிறது. பிறகு ‘சிஐஎன்’ கட்டளையுடன் சேனல் எண்ணை அனுப்பினால், அந்தச் சேனலின் பெயர், அதிர்வெண், பண்பேற்றம், தொனி, காத்திருப்பு, விலக்கு, முன்னுரிமை ஆகியவற்றைக் காற்புள்ளியிட்டு ஒரே வரியில் கருவி ஒப்பிக்கும். ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வாசிக்க, மாணவர்கள் ஒவ்வொருவராக ‘உள்ளேன் ஐயா’ சொல்வதைப்போல 1 முதல் 500 வரை இது நடக்கும். முடிந்ததும் திரையில் முழு அட்டவணையும் வந்துவிடும்.

அட்டவணையில் திருத்தியபின், அதே கட்டளையுடன் எல்லா விவரங்களையும் சேர்த்து அனுப்பினால் கருவி எழுதிக்கொள்ளும். அதிர்வெண்ணைப் புள்ளியில்லாமல், நூறு ஹெர்ட்ஸ் அலகில் சொல்ல வேண்டும். 155.3700 மெகாஹெர்ட்ஸ் என்பது 1553700. கடைசியில் ‘இபிஜி’ என்று சொன்னால் நிரலேற்ற நிலையிலிருந்து கருவி வெளியேறி மறுபடி கேட்கத் தொடங்கும். கருவியிடமிருந்து படித்த பட்டியலை முதலில் கோப்பாகச் சேமித்துவிட்டுத் திருத்தத் தொடங்குவது நல்ல பழக்கம். ஏனெனில் ‘சிஎல்ஆர்’ என்று ஒரு கட்டளையும் உண்டு. அது நினைவகம் முழுவதையும் துடைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் சேர்த்த பட்டியல் போனால் போனதுதான்.

இதற்கென நிறுவ வேண்டிய மென்பொருள் எதுவும் இல்லை. மேக், லினக்ஸ், குரோம்புக் என்ற பேதமும் பெரும்பாலும் மறைகிறது. பக்கத்தின் நிரல் பயனரின் கணினியிலேயே ஓடுவதால், அவர் எதைக் கேட்கிறார் என்ற பட்டியல் எந்த வழங்கிக்கும் போக வேண்டியதில்லை. நிரலைச் சேமித்து வைத்து இணைய இணைப்பு இல்லாமலும் இயங்குமாறு எழுத முடியும். காட்டுத்தீக் காலத்தில் மலைப்பகுதிக்குப் போகும் தன்னார்வலருக்கு இது சிறிய வசதி அன்று. சீன நிறுவனமான குவான்ஷெங்கின் யுவி-கே5 என்ற மலிவான கைவானொலிக்கும் 2023இல் ஆர்வலர்கள் இதே வழியில் உலாவியிலிருந்தே உள்மென்பொருளை மாற்றத் தொடங்கினர்.

ஆட்சேபம்

எல்லா உலாவிகளும் இந்தச் சன்னலை வரவேற்கவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2020இல், பயனரை அடையாளம் கண்டு பின்தொடர உதவக்கூடும் என்ற காரணத்தால் தன் சஃபாரி உலாவியில் சேர்க்காத இணைய வசதிகள் சிலவற்றைப் பட்டியலிட்டது. வெப் யுஎஸ்பியும் சீரியலும் அதில் இருந்தன. ஃபயர்ஃபாக்சை உருவாக்கும் மொசில்லா, இவற்றின் ஆபத்தைச் சாதாரணப் பயனர் புரிந்துகொண்டு அனுமதி தர இயலாது என்று வாதிட்டது.

இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. இணையக் கணக்குகளைக் காக்கும் யூபிகீ என்னும் பாதுகாப்புச் சாவியின் ஒரு மாதிரியை, வெப் யுஎஸ்பி வழியாக ஏமாற்ற முடியும் என்று 2018இல் ஆய்வாளர்கள் செய்துகாட்டினர். அதன்பின் கூகுள் அந்த வழியை அடைத்தது. ஸ்கேனர் விஷயத்தில் ஆபத்து சிறிது. கெட்ட பக்கம் ஒன்று பட்டியலை அழிக்கலாம், அதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. கருவியால் ஒலிபரப்பவே இயலாது. ஆனால் அதே சன்னல் வழியே ஆலை இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவியும் எட்டும் தூரத்துக்கு வருகிறது என்னும்போது எதிர்ப்பாளர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. அனுமதிப் பெட்டியில் வருவதைப் படிக்காமலே ‘சரி’ என்று அழுத்தும் பழக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

கேட்க என்ன மிஞ்சியிருக்கிறது

நிரலேற்றம் இவ்வளவு எளிதான காலத்தில்தான் கேட்பதற்கான பொருள் குறைந்து வருகிறது. டென்வர் நகரக் காவல்துறை 2019இல் தன் வானொலிப் பேச்சு முழுவதையும் குறியாக்கத்துக்குள் கொண்டுபோயிற்று. நியூயார்க் காவல்துறை 2023இல் புரூக்ளின் பகுதியிலிருந்து தொடங்கியது. காவலர் பாதுகாப்பும், அவர்கள் வானொலியில் படிக்கும் தனிமனித விவரங்களின் அந்தரங்கமும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இரண்டும் உண்மையான காரணங்களே. தங்கள் தெருவில் துப்பாக்கிச் சூடு நடக்கும்போது உடனே அறியும் வழி போய்விட்டது என்கிறார்கள் செய்தியாளர்களும் குடியிருப்போரும். காவல்துறை தானே தரும் செய்திக்குறிப்பையே நம்ப வேண்டியிருக்கும், அதைச் சரிபார்க்க வேறு காது இருக்காது என்பது அவர்கள் வாதம். இதுவும் லேசான வாதம் அன்று. சாவி இல்லாமல் குறியாக்கப் பேச்சை எந்த ஸ்கேனராலும் கேட்க முடியாது. எவ்வளவு நேர்த்தியான பட்டியலை ஏற்றினாலும் பயனில்லை.

விமானப் பேச்சு உலகெங்கும் இன்னும் வீச்சுப் பண்பேற்றத்தில் வெளிப்படையாகவே நடக்கிறது. அமெரிக்கத் தொடர்வண்டிகள் 160, 161 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பேசுகின்றன. கடல்வழிப் பேச்சும் வானிலை ஒலிபரப்பும் அப்படியே இருக்கின்றன. பல சிற்றூர்களின் தன்னார்வத் தீயணைப்புப் படைகளும் பழைய முறையிலேயே தொடர்கின்றன.

இந்தியாவில்

தமிழ்நாட்டு மாணவர்கள் இதைப் படித்துவிட்டு இணையக் கடையில் ஸ்கேனர் வாங்கக் கிளம்பிவிடக் கூடாது. 1933ஆம் ஆண்டு இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே தடை செய்தது. சாதாரண வானொலிப் பெட்டிக்குக்கூட ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமப் புத்தகத்தில் வில்லை ஒட்டிய காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கட்டணம் 1980களில் நீங்கியது. ஒலிபரப்பல்லாத பேச்சைக் கேட்கும் கருவிகளுக்கு அந்தச் சலுகை விரியவில்லை. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவிகளை அனுமதிக்கு உட்பட்டவையாகவே வைத்திருக்கிறது. வானொலி நுட்பத்தில் ஆர்வமுள்ளவர்களுக்குச் சரியான வழி, மத்திய அரசு நடத்தும் தேர்வெழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறுவது. உரிமம் பெற்றவர்கள் தங்கள் கைவானொலிக்கு அதிர்வெண் ஏற்ற ‘சிர்ப்’ என்ற திறமூல மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள்.

அமெரிக்காவில் பழைய ஸ்கேனர்களைச் சேகரிப்போர் பரணிலிருந்து ஒரு பேர்கேட் 101ஐ எடுத்தால், அது இயங்குகிறதா என்று பார்க்க முதலில் தேடுவது தேசிய வானிலைச் சேவையின் அதிர்வெண்களைத்தான். 162.550 மெகாஹெர்ட்ஸ் அவற்றுள் ஒன்று. குறியீட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சுவிட்சுகளை மேலும் கீழுமாக வைத்தால், அன்றைய மழை அறிவிப்பு அதில் இன்றும் கேட்கும்.